விட்டுப்போன பதினோராம் அத்தியாயம்

உள்ள வாங்கம்மா. ஆக்னேஸ் மாதா கோயிலுக்குப் போயிருக்கா, வர ஒரு மணி நேரம் ஆகும். நீங்க அவளைப் பார்க்கத்தான் வந்தீங்கன்னு தெரியும். இப்பல்லாம் எல்லாரும் அவளைப் பார்க்கத்தான் வர்றாங்க. போன வாரம் கேமராவோட ரெண்டு பேர் வந்து, "சார், நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க, படத்துல விழறீங்க"ன்னாங்க. என் வீடு, என் நாற்காலி. தள்ளி உட்கார்ந்தேன்.

என்ன கேக்க வந்தீங்கன்னும் தெரியும். உங்க முதலாளி தெய்வசிகாமணி நேத்தே போன் பண்ணிட்டார். "கிளெமான் சார், புது நாவல்ல பத்தாம் அத்தியாயம் வந்திருக்கு, பன்னண்டு வந்திருக்கு, பதினொண்ணைக் காணோம். எங்க உதவி ஆசிரியரை அனுப்பறேன், கையோட குடுத்தனுப்புங்க"ன்னார். ஒரு அத்தியாயத்துக்காக மெட்ராஸ்லேருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, பாவம். அது தொலைஞ்சு போகலைம்மா. நான்தான் விட்டுட்டேன். அதுல சரக்கு இல்லை. ஆக்னேஸ் வந்தா அவகிட்ட கேக்காதீங்க. அவளுக்கு அப்படி ஒரு அத்தியாயம் இருக்கறதே தெரியாது. பிரெஞ்சு தெரிஞ்சாத்தானே? நான் வாயைத் திறந்தா அவளுக்குக் கதை, மூடினா கதை முடிஞ்சது.

ஒரு அத்தியாயம் குறைஞ்சாலும் அச்சடிக்க விடமாட்டேன்னு அதை எழுதின அந்தாளு சொல்றானா? சொல்லட்டுமே. அச்சடிக்காட்டி தமிழ்நாட்டுக்கு என்ன குடி முழுகிடும்?

முதல்ல அவன் யாருன்னு நான் சொல்றேன், கேளுங்க. நீங்க பின்னட்டையில போட்டிருக்கீங்களே, 'மேற்கு ஆப்பிரிக்காவின் மகத்தான குரல்'னு, அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். பேரு ஃபிர்மேன் அகோசு. பெனின்னு ஒரு தேசம், ஒரு காலத்துல நம்ம பாண்டிச்சேரி மாதிரி பிரெஞ்சுக்காரன் வச்சிருந்தது. அங்க காயலோரமா ஒரு குப்பத்துல பிறந்தவன். அம்மா உப்பு காய்ச்சறவ. காயல் மண்ணைச் சுரண்டி, கூடையில போட்டு, தண்ணி ஊத்தி வடிச்சு, அந்தத் தண்ணிய விறகடுப்புல காய்ச்சினா அடியில உப்பு நிக்குமாம். இதுக்கு முப்பது பக்கம் எழுதியிருக்கான். உப்புக்கு முப்பது பக்கம்மா. எதிர்க்கடையில ஒரு பாக்கெட் வாங்கினா வேலை முடிஞ்சது.

அப்புறம் சுங்க ஆபீசுல இருபது வருஷம் குமாஸ்தா. அங்க நடந்த திருட்டுத்தனத்தையெல்லாம் முதல் நாவலா எழுதினான். வேலை போச்சு. ஒன்பது மாசம் உள்ள வச்சாங்க. இதை ஒரு பெரிய தியாகமா ஊரெல்லாம் பேசுது. நானும் முப்பத்தொரு வருஷம் கோர்ட்டுக்கு வேலை பார்த்தவன். எனக்குத் தெரியாத திருட்டுத்தனமா? எழுதினேனா? வாயைப் பொத்திக்கிட்டு மரியாதையா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என்னை யாரும் மகத்தான குரல்னு சொல்லலை.

ஜெயில்லேருந்து வந்ததும் அவன் அக்கா சந்தையில கடை வச்சிருக்கா, அந்தக் கடைக்குப் பின்னால ஒரு ஸ்டூலைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டான். இன்னிக்கும் அங்கதான் எழுதறான். பள்ளிக்கூடத்து நோட்டு, பென்சிலு. வெள்ளிக்கிழமை மத்தியானமானா அந்த வாரம் எழுதினதைச் சந்தைப் பொம்பளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுவானாம். பிரெஞ்சு புரியாதவங்களுக்கு அவங்க பாஷையில சொல்லிக் காட்டுவானாம். எந்த இடத்துல ஒருத்தி எந்திரிச்சுப் போய்த் தன் தக்காளியைத் தடவிப் பார்க்கறாளோ, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடுவான். இலக்கியத்துக்கு நீதிபதி தக்காளிக்காரி. இந்த ஆளுக்குப் பாரிசுல பரிசு குடுக்கறாங்க.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. மெட்ராஸ்காரங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், இங்க சொல்தான்னு சொல்வாங்க. நான் கோர்ட்டுல சத்தியப் பிரமாணம் எடுத்துக்கிட்ட மொழிபெயர்ப்பாளன். இந்த ஊர்ல பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிப் போட்ட எந்தக் குடும்பத்துக் காகிதத்தை வேணா எடுத்துப் பாருங்க, கீழே என் கையெழுத்து இருக்கும். பிறப்பு, கல்யாணம், சாவு, மூணும் என் கை வழியாத்தான் தமிழ்லேருந்து பிரெஞ்சுக்குப் போச்சு. நான் ஒரு தேதியில பிசகினா ஒரு குடும்பமே கப்பலேற முடியாது. நான் பிசகினதில்லை. அப்படிப்பட்ட கையிலதான் உங்க முதலாளி அந்த உப்புக்காரி கதையைக் கொண்டுவந்து குடுத்தார், நாலு வருஷத்துக்கு முன்னால.

பதினெட்டு மாசம் உழைச்சேன். அந்தாளு எழுதினதை அப்படியே தமிழ்ல போட்டா கேவலம்மா. ஒரே வார்த்தையை ஒரு பக்கத்துல ஏழு தடவை சொல்லுவான். பாதி வாக்கியத்துல கதையை அந்தரத்துல விட்டுட்டு, படிக்கறவனைப் பார்த்து, "என்ன, தூங்கிட்டியா?"ம்பான். இது பிரெஞ்சா? எங்க காலத்துல இப்படி எழுதியிருந்தா ஆசிரியர் நோட்டை முகத்துல விட்டெறிஞ்சிருப்பார். நான் எல்லாத்தையும் நிமிர்த்தினேன். ஏழு தடவையை ஒண்ணாக்கினேன். பேரை 'லவண நாயகி'ன்னு வச்சேன். முதல் வரி இன்னும் மனப்பாடம். 'அலைகடல் அருகே அமைந்ததோர் சிற்றூரில் உவர்நீர் காய்ச்சி உயிர்வளர்க்கும் நங்கையொருத்தி வதிந்தனள்.'

சிரிக்காதீங்க. நான் என் தொழிலை ஒழுங்காச் செஞ்சேன். முந்நூத்தி அறுபது பக்கத்துலயும் அடியில 'மூலத்துக்கு உண்மையானது'ன்னு ரப்பர் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உங்க ஆபீசுல அதைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்களாமே, காதுக்கு வந்தது.

இதுல ஆக்னேஸ் எங்க வந்தாங்கறீங்களா? அவ காரைக்கால்காரி, எட்டாவதோட நின்னவ. சாயங்காலம் காபி குடிக்கறப்போ, அன்னிக்கு அந்தாளு என்ன உளறியிருக்கான்னு அவகிட்ட கொட்டித் தீர்ப்பேன். நாளெல்லாம் அந்தக் குப்பையில கையை விட்டவனுக்கு யார்கிட்டயாவது சொல்லி ஆத்திக்கணும் இல்லையா? "இன்னிக்கு என்ன பண்ணியிருக்கான் தெரியுமாடி? அந்த உப்புக்காரி புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவன், பதினாலு வருஷம் கழிச்சு வந்து வாசல்ல நிக்கறான், நெஞ்சுல மெடலு. இவ அழுதாளா? இல்லை. எங்கடா போனேன்னு கேட்டாளா? இல்லை. அடுப்பு அணையப் போகுது, ரெண்டு விறகு எடுத்துட்டு வாங்கறா. அந்த முட்டாளும் மெடலோட போய் விறகு எடுத்துட்டு வர்றான். இதுக்குப் பேரு கதையாம்." இப்படித் திட்டிக்கிட்டே இருப்பேன். அவ அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே, "அப்புறம்?"பா. பதினெட்டு மாசம் அப்புறம், அப்புறம்னே கேட்டா. அவளுக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சேன்.

அந்தாளோட ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து. எந்தப் பாஷையில போட்டாலும் சரி, அச்சுக்குப் போறதுக்கு முன்னால, நாவல்னா என்னன்னே தெரியாத பொம்பளைங்க நடுவுல அதை வாசிச்சுக் காட்டணும். அவன் பக்கத்துல உட்கார்ந்திருப்பான். அவங்க உட்கார்ந்து கேட்டா அச்சு, இல்லாட்டி இல்லை. இதைப் படிச்சப்பவே நான் எந்திரிச்சுப் போயிருக்கணும். என் பேரு ஒரு புத்தகத்து அட்டையில வரணும்னு ஒரு ஆசை இருந்தது, மறைக்கலை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் பிறந்ததுக்கும் செத்ததுக்கும் அடியில சின்ன எழுத்துல கையெழுத்துப் போட்டவன். ஒரு தடவை மேல வரணும்னு நினைச்சது தப்பா?

ரெண்டு வருஷம் முந்தி ஜனவரியில வந்தான். ஓட்டல் வேணாம், எங்க வீட்டுலதான் தங்கணும்னு நான்தான் அடம்பிடிச்சேன். முன்னறையைச் சுத்தம் பண்ணி, அப்பா காலத்து நாற்காலிக்கெல்லாம் உறை மாத்தி, பாரிசுல எது நல்ல பிரெஞ்சு எது கெட்ட பிரெஞ்சுன்னு பேச ஒரு வாரமாத் தயார் பண்ணி வச்சிருந்தேன். உள்ள வந்தான், "போன்ஜூர், மெஸ்யே கிளெமான்"னான், மோப்பம் பிடிச்சுக்கிட்டு நேரா அடுக்களைக்குப் போயிட்டான். ஆக்னேஸ் அருவாமணையில வஞ்சிரம் அறுத்துக்கிட்டு இருந்தா. இவன் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துச் செதில் சீவ ஆரம்பிச்சுட்டான். அவனுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது, இவளுக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. அவன் தங்கின மூணு நாளும் அடுக்களையிலேருந்து ஒரே சிரிப்பு. நான் முன்னறையில, என் பிரெஞ்சோட, தனியா.

வாசிப்பு தேங்காய்த்திட்டுல, துறைமுகத்துப் பக்கம் கருவாடு போடற கொட்டகையில. உப்புப் போடற பொம்பளைங்கதான் வேணும்னு அவன் கேட்டானாம். முப்பது பேரு சாக்கை விரிச்சு உட்கார்ந்திருந்தாங்க. நான் கோட்டு போட்டுக்கிட்டுப் போயிருந்தேன். குறை சொல்லக்கூடாது, ஆரம்பத்துல மரியாதையாத்தான் கேட்டாங்க. ரெண்டாம் பக்கத்துல ஒருத்தி பக்கத்துல இருந்தவகிட்ட, "பூசை எப்பக்கா முடியும்?"னா. நாலாம் பக்கத்துல ஒருத்தி கூடையைத் தூக்கினா. அதுக்கப்புறம் சாக்கு மடிக்கற சத்தம்தான் கேட்டுது. நான் நிறுத்தலை. எடுத்ததை நடுவுல நிறுத்தற பழக்கம் எனக்குக் கிடையாது. முதல் அத்தியாயம் முழுக்க வாசிச்சிட்டுத் தலையைத் தூக்கினேன். கருவாடு இருக்கு, ஒரு நாய் இருக்கு, அந்தாளு இருக்கான்.

எல்லாரும் எங்கன்னு பார்த்தா, அந்தக் கோடியில குழாயடிக்குப் பக்கத்துல ஆக்னேஸைச் சுத்தி நிக்கறாங்க. அவ எனக்கு ஃபிளாஸ்க்குல டீ கொண்டு வந்திருந்தா. யாரோ ஒருத்தி, "இன்னாக்கா, உன் வூட்டுக்காரரு இம்மா நேரம் இன்னா படிச்சாரு?"ன்னு கேட்டிருக்கா. இவ சொல்லிக்கிட்டு இருக்கா. "அது ஒண்ணும் இல்லடி. புருஷன்காரன் பதினாலு வருஷம் கழிச்சு வந்து வாசல்ல நிக்கறான், நெஞ்சுல மெடலு. இவ அழுதாளா? இல்லை..." நான் சொன்னது. அப்படியே. என் வார்த்தை, என் இழுப்பு, அந்த முட்டாளும்கறது உட்பட. நான் ஆத்திரத்துல துப்பினதையெல்லாம் இவ பொறுக்கி எடுத்து வச்சிருந்திருக்கா.

ஒருத்தியும் நகரலை. "நானா இருந்தா அந்த வெறகாலயே ரெண்டு போட்டிருப்பேன்"னு ஒருத்தி சொல்றா. இன்னொருத்தி, அவ புருஷன் புயல்ல போனவனாம், "வந்தானே, அது போதாதா உனக்கு?"ன்னு சண்டைக்குப் போறா, சொல்லிட்டு முந்தானையால முகத்தைத் தொடைச்சுக்கறா. ஆக்னேஸ் மூணு அத்தியாயம் சொல்லி முடிக்கறவரைக்கும் கருவாட்டைக் காக்கா தூக்கறதைக்கூட ஒருத்தியும் பார்க்கலை. அந்தாளு அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே நின்னான். அப்புறம் என்கிட்ட வந்து, "மெஸ்யே கிளெமான், இதுதான் என் புத்தகம்"னான்.

"இது என் பெண்டாட்டி பேசற அடுக்களைப் பேச்சு"ன்னேன்.

"அவங்களுக்கு இதை யார் சொன்னது?"ன்னு கேட்டான்.

நான் பதில் சொல்லலை. என்னன்னு சொல்வேன்? சத்தியப் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளன், சாயங்காலத்துல வாய்க்கு வந்தபடி பேசறேன்னா?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 'லவண நாயகி' குப்பைக்குப் போச்சு. 'உப்பு காய்ச்சுறவ' வந்தது. நான் பிரெஞ்சைப் பார்த்துத் திட்டறது, அவ கேட்டு அவ வாயால சொல்றது, போன்ல பதிவு பண்றது, உங்க ஆபீசுல டைப் அடிக்கறது. அட்டையில ரெண்டு பேர் பேரும் போடறேன்னுதான் உங்க முதலாளி சொன்னார். நான்தான் ரிஜிஸ்தர் தபால்ல எழுதினேன், அந்தத் தமிழோட என் பேரைச் சேர்க்கக் கூடாதுன்னு. ஒரு வார்த்தை மறுத்துச் சொல்வார்னு பார்த்தேன். மனுஷன் "தங்கள் விருப்பப்படியே"ன்னு பதில் போட்டுட்டார். 'தமிழில் சொன்னது ஆக்னேஸ்'. அவ்வளவுதான் அட்டை.

வருத்தமா? எனக்கென்ன வருத்தம்? பூசை முடிஞ்சு பாதிரியார் என்கிட்ட வந்து, "மேடத்தோட புத்தகம் படிச்சேன், அழுதுட்டேன்"ங்கறார். முப்பது வருஷமா அவளை ஆக்னேஸம்மான்னு கூப்பிட்டவர். இப்ப மேடம். நான் மேடத்தோட வீட்டுக்காரர். நல்லா இருக்கட்டும். அவ ஒண்ணும் தலைகனம் பிடிச்சு ஆடலை, அதையும் சொல்லணும். கேமராக்காரங்ககிட்டகூட, "எல்லாம் இவரு சொன்னதுதான்"னா. அவங்க அதை அடக்கம்னு நினைச்சுக்கிட்டாங்க.

சரி, பதினொண்ணு. விடமாட்டீங்க போலிருக்கு.

இந்தப் புது நாவல் அவன் ஊர் ஊராப் போய் வாசிச்ச கதை. பத்து அத்தியாயம் சுலபமா வந்தது, திட்டறதுக்கு எக்கச்சக்கம் இருந்தது. பதினொண்ணை ஒரு காலையில படிச்சேன். ஆக்னேஸ் வந்து எதிர்ல உட்கார்ந்து, "அப்புறம்?"னா. இன்னிக்கு ஒண்ணும் இல்லை, போடின்னுட்டேன். நாலு மாசமா ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். பன்னண்டுலேருந்து மறுபடி ஆரம்பிச்சேன், அவளும் கேட்டுக்கிட்டா. அந்த ஒண்ணை மட்டும் எனக்குத் திட்ட வரலை.

அதுல ஒரு ஆளு வர்றான். வேற ஒரு கடல், வேற ஒரு ஊரு. எஜமானனைவிட நல்லா எஜமானன் பாஷை பேசறவன். கோட்டு போட்டுக்கிட்டு மீன்காரிங்களுக்கு வாசிக்கறான். அவங்க ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் போறாங்க. கிண்டல் பண்ணி எழுதியிருந்தா நான் சந்தோஷமாக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன்மா. கிண்டலே இல்லை. கடைசி பொம்பளை போன பிறகும் அந்தக் கோட்டுக்காரன் முதுகை நிமிர்த்தி, ஒரு வார்த்தையைக்கூட விழுங்காம, யாருமில்லாத கொட்டகைக்கு வாசிச்சு முடிச்சான்னு எழுதறான். ஃபிர்மேன் சின்ன வயசுல படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு வழக்கமாம். சொந்தப் பாஷையில ஒரு வார்த்தை பேசிட்டா கழுத்துல ஒரு மரக்கட்டையை மாட்டி விடுவாங்களாம், அடுத்து எவன் பேசி மாட்டறானோ அவன் கழுத்துக்கு அது போகுமாம். எங்க பள்ளிக்கூடத்துல கட்டை இல்லை, முட்டி போடணும். நான் ஒரு நாளும் முட்டி போட்டதில்லை, அவ்வளவு ஜாக்கிரதை. அந்தக் கோட்டுக்காரனைப் பார்த்தப்போ அந்தக் கட்டையை மறுபடி பார்த்தேன்னு எழுதறான். அறுபது வருஷமா கழட்டாமப் போட்டுக்கிட்டு இருக்கான், அதைக் கோட்டுக்குக் கட்டின டைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்னு எழுதறான்.

அதோட விட்டானா? அந்தக் கோட்டுக்காரன் பெண்டாட்டி ஜனங்களுக்குச் சொன்ன கதை முழுக்க அவன் வாயிலேருந்து வந்ததுதாங்கறான். கோவம் வர்றப்போ மட்டும் அந்தக் கட்டை கழண்டு விழுதாம். அப்ப அவன் பேசறதைக் கேக்க, தான் இன்னொரு தடவை கடல் தாண்டி வருவேன்னு முடிக்கறான். நான் அன்னிக்கு பதில் சொல்லலையேம்மா. எப்படித் தெரிஞ்சுது அவனுக்கு?

என்மேல பரிதாபப்பட அவன் யாரு? உப்பு காய்ச்சறவ பெத்தது, சந்தையில ஸ்டூலு போட்டு உட்கார்ந்திருக்கறவன், எனக்கு வந்து...

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

எழுதறதுதான் எழுதினான், அதையாவது ஒழுங்கா எழுதினானா? சந்தை நாய்க்குப் பேர் வச்சிருக்கான், அக்கா கடைத் தராசுக்குப் பேர் வச்சிருக்கான். இந்த ஆளுக்குப் பேரில்லை. 'மொழிபெயர்ப்பாளன்', 'அந்த மொழிபெயர்ப்பாளன்', அவ்வளவுதான். என் மானத்தைக் காப்பாத்தறானாம்.

கேட் சத்தம் கேக்குது, ஆக்னேஸ் வந்துட்டா. பேனா இருக்கா உங்ககிட்ட? நான் இப்ப சொன்னதுதான் பதினொண்ணு, இப்படியே எழுதிக்கங்க, நிமிர்த்த வேண்டாம். அவளுக்கு நானே சொல்லிக்கறேன். 'மொழிபெயர்ப்பாளன்'னு வர்ற இடத்துலயெல்லாம் அதை அடிச்சிட்டு, கிளெமான் அருளப்பன்னு போடுங்க. அந்தாளு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். முழுப் பேரும்மா. ஒரு இடத்தையும் விட்டுடாதீங்க.